அட்டையும் தரமும்: மென்பொருட் குழுக்களிற் பொறுப்புப் பிரிந்த வரலாறு

பலர் கூடி ஒரு பொருளைச் செய்யுமிடத்து இரு வினாக்கள் எழுகின்றன. செய்யவேண்டியது யாது என்பதை எழுதி வைக்கும் பொறுப்பு யாருடையது என்பது ஒன்று. செய்யப்பட்டது செவ்வையாக அமைந்துள்ளதா என்பதற்கு விடையிறுக்கும் பொறுப்பு யாருடையது என்பது மற்றொன்று. தச்சன் தனியனாயிருந்து ஒரு பெட்டகத்தைச் செய்து முடித்த காலத்தில் இவ்விரு வினாக்களுக்கும் அவனே விடையாயிருந்தான். கைகள் பெருகப் பெருக விடைகளும் பிரிந்தன. கணினிக்கு நிரல் எழுதும் தொழிலில், சிறப்பாக அஜைல் என வழங்கும் முறையைக் கைக்கொண்ட குழுக்களில், இவ்வினாக்கள் இன்றும் நாடோறும் எழுந்துகொண்டேயிருக்கின்றன. அங்கு இன்று கூறப்படும் விடைகள் எவ்வழியாக வந்து சேர்ந்தன என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொருளைத் தெளிவாக்குதற்கு ஓர் உதாரணத்தை முதலிற் காட்டுதல் நலம். ஒரு வங்கியின் மென்பொருளுக்கு, "வாடிக்கையாளர் தமது கடவுச்சொல்லை மறந்தவிடத்துப் புதிய தொன்றை அமைத்துக்கொள்ள இயலவேண்டும்" என்று ஒருவர் ஒரு வரி எழுதுகின்றார் எனக் கொள்வோம். நிரலாளர் அதனைச் செய்கின்றார். வாடிக்கையாளரின் மின்னஞ்சலுக்கு ஓர் இணைப்புச் செல்கின்றது. அதன்வழிப் புதிய சொல் அமைகின்றது. சோதனையாளர் பார்த்து, எழுதியவாறே நடக்கின்றது என்கின்றார். சில திங்கள் கழித்து, அனுப்பிய இணைப்பு ஒருபோதும் காலாவதியாவதில்லை என்பதும், பழைய மடலைக் கண்டெடுத்த எவரும் அதனைப் பயன்படுத்தலாம் என்பதும் தெரியவருகின்றன. தவறு யாருடையது? இதனை நிரலாளர் எவரும் அறிந்திருக்க வேண்டுமே என்கின்றார் எழுதியவர். அவ்வாறு எழுதப்படவில்லையே என்கின்றார் நிரலாளர். எழுதப்பட்டதையே சோதித்தேன் என்கின்றார் சோதனையாளர். மூவர் கூற்றும் மெய்யே. பொருள் மட்டும் பழுது. இவ்வழக்கு கணினியோடு பிறந்ததன்று. அதன் வேர் இரும்புப் பட்டறைகளில் இருக்கின்றது.

அமெரிக்கப் பொறியியலாளரான பிரெடெரிக் டெயிலர் 1903 ஆம் ஆண்டிற் பட்டறை நிருவாகம் பற்றித் தாம் வெளியிட்ட நூலில், ஒரு தொழிலாளிக்கு ஒரு மேற்பார்வையாளர் போதார், எண்மர் வேண்டும் என்று கூறினார். அவ்வெண்மருள் நால்வர் திட்ட அறையில் அமர்ந்திருப்பர்; நால்வர் பட்டறையில் நிற்பர். திட்ட அறையிலுள்ளாருள் ஒருவரின் கடமை அறிவுறுத்தல் அட்டை எழுதுதல். எந்தக் கருவியால், எந்த வேகத்தில், எத்தனை நிமிடத்தில், எவ்வொழுங்கில் வேலை நடைபெறல் வேண்டும் என்பதெல்லாம் அவ்வட்டையிற் காணப்படும். பட்டறையில் நிற்பாருள் ஒருவர் பரிசோதகர். தரத்துக்குப் பொறுப்பாளர் அவரே. மூளையால் செய்யும் வேலை அனைத்தையும் பட்டறையினின்றும் அகற்றித் திட்ட அறையிற் சேர்த்தல் வேண்டும் என்பது டெயிலரின் துணிபு. இதனால் விளைந்தது யாதெனில், பொருளைத் தன் கையாற் செய்பவன் அதன் விவரத்துக்கும் உரியவனல்லன், அதன் தரத்துக்கும் உரியவனல்லன் என்னும் நிலையே. டெயிலரைத் தூற்றுவது இன்று எளிது. ஆயினும் எழுத்தறிவும் மொழியறிவும் குறைந்த குடியேறிகள் பெருந்தொகையினராய் ஆலைகளிற் சேர்ந்த நாட்டில் அவர் ஏற்பாடு உற்பத்தியைப் பெருக்கியது என்பதையும் மறத்தலாகாது.

பரிசோதகர் ஒருவர் விரைவிற் பரிசோதனைப் பகுதி ஒன்றாயினார். சிக்காகோவை அடுத்த ஹோதோர்ன் என்னுமிடத்தில் தொலைபேசிக் கருவிகள் செய்த வெஸ்டேர்ன் இலெக்ட்ரிக் ஆலையில், செய்தவற்றைச் சோதித்துக் குறையுள்ளனவற்றைப் பொறுக்கி நீக்குதற்கென்றே ஆயிரக்கணக்கானோர் இருந்தனர். 1924 மே 16 ஆம் நாள் அக்கம்பனியைச் சேர்ந்த வோல்டர் ஷூஹார்ட் என்னும் பௌதிகவியலாளர் தம் மேலதிகாரிக்கு ஒரு பக்க அளவில் ஒரு குறிப்பை எழுதி, அதனுடன் ஒரு வரைபடத்தையும் இணைத்தனுப்பினார். கட்டுப்பாட்டு வரைபடம் எனப் பின்னர்ப் புகழ்பெற்றது அதுவே. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அளவுகளைக் குறித்து வந்தால், பழுது பிறக்கும் இடத்திலேயே அதனைக் காணலாம் என்பது அதன் உட்பொருள். அதே 1924 இல் யப்பானில் சக்கிச்சி டொயோடா என்பார் தாமே இயங்கும் நெசவுத் தறியொன்றை நிறைவேற்றினார். நூல் அறுந்தவுடன் அத்தறி தானே நின்றுவிடும். பழுதான துணியை நெய்து முடித்தபின் பரிசோதகரிடம் காட்டுதற்கு அங்கு இடமில்லை. 1929 இல் பிரித்தானியாவின் பிளாற் சகோதரர் கம்பனி அத்தறியின் உரிமையை விலைகொடுத்து வாங்கியது. பின்னர் அக்குடும்பத்தார் மோட்டார் வண்டி செய்யத் தொடங்கிய காலத்தில், பழுதுகண்ட தொழிலாளி எவனும் கயிற்றையிழுத்து உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம் என்னும் வழக்கம் அத்தறியின் வழியே வந்தது. ஷூஹார்ட்டின் கருத்துக்களைக் கற்ற எட்வேர்ட்ஸ் டெமிங் 1950 இல் யப்பானியப் பொறியியலாளருக்கு விரிவுரைகள் நிகழ்த்தினார். முடிவிற் செய்யும் பரிசோதனையை நம்பித் தரத்தைப் பெறமுடியாது என்பதைத் தம் நூல்களில் வற்புறுத்தினார். ஆக, தரம் பற்றிய பொறுப்பு பரிசோதகரிடமிருந்து செய்பவனிடம் மெல்லத் திரும்பத் தொடங்கியிருந்தது.

மென்பொருளோ இவ்வனுபவத்தைக் கைக்கொள்ளாது தன் பாதையைத் தொடக்கத்திலிருந்தே நடந்தது. அவ்வரலாற்றில் மிகவும் கருதத்தக்க நிகழ்ச்சி ஐ.பி.எம். கம்பனி 1964 இல் அறிவித்த 360 வரிசைக் கணினிகளுக்குரிய இயக்கமுறைமையை ஆக்கியபோது நேர்ந்தது. அதனை நடத்திய பிரெடெரிக் புரூக்ஸ் தம் தவற்றைத் தாமே 1975 இல் வெளிவந்த நூலில் எழுதியிருக்கின்றார். இத்துணை வெளிப்படையாகத் தன் பிழையைக் கூறிய நிருவாகிகள் மிகச் சிலரே.

நிகழ்ந்தது இது. முறைமையின் விவரக்குறிப்பை எழுதவேண்டிய வேளை வந்தது. வடிவமைப்புத் தலைவரிடம் தேர்ந்த பதின்மர் இருந்தனர். நாங்களே எழுதுவோம், பத்துத் திங்கள் ஆகும் என்றார் அவர். அட்டவணை அனுமதித்த காலத்தினும் அது மூன்று திங்கள் அதிகம். நிரலாக்கத் தலைவரிடமோ நூற்றைம்பதின்மர் இருந்தனர். எங்களிடம் தாருங்கள், குறித்த காலத்தில் முடிப்போம். அன்றேல் இந்நூற்றைம்பதின்மரும் பத்துத் திங்கள் கைகட்டி இருப்பரே என்றார் அவர். புரூக்ஸ் நிரலாக்கத் தலைவரின் பக்கம் சாய்ந்தார். எழுதி முடிக்க அப்பொழுதும் பத்துத் திங்களே ஆயின, எழுதப்பட்டதும் தரங்குன்றியிருந்தது. பலர் எழுதியமையால் முறைமைக்கு ஒருமைப்பாடு இல்லாது போயிற்று. பிழை களைவதற்கு அதனால் ஓராண்டு மேலதிகமாகச் சென்றிருக்கலாம் என்பது அவர் மதிப்பு. விவரத்தை எழுதும் கைகள் பலவாகலாம். ஆனால் இது வேண்டும், இது வேண்டா எனத் துணியும் மனம் ஒன்றாதல் வேண்டும் என்பதற்கு இதனினும் விலையுயர்ந்த சான்று தேடவேண்டியதில்லை.

தரத்தைப் பொறுத்தமட்டில் புரூக்ஸ் வேறொரு கருத்தைக் கொண்டிருந்தார். விவரக்குறிப்போடு நிரலை ஒப்புநோக்கிக் குறை காணும் தனிச் சோதனைக் குழு, நிருவாகியின் அன்றாட எதிராளியாயினும் அவருக்கு உற்ற நண்பன் என்றார். 1970 இல் வின்ஸ்டன் ரோய்ஸ் எழுதிய கட்டுரையும் இவ்வழியே செல்கின்றது. ஐம்பது இலட்சம் டொலர் பெறுமதியான ஒரு வன்பொருட் கருவியை வாங்குதற்கு முப்பது பக்க விவரக்குறிப்புப் போதும், அதே விலையுள்ள மென்பொருளுக்கு ஆயிரத்தைந்நூறு பக்கம் வேண்டும் என்று அவர் கணக்கிட்டார். சோதனையின் பல பகுதிகளை, வடிவமைப்பிற் பங்கு கொள்ளாத சோதனை வல்லுநர் செய்தல் நன்று எனவும் கூறினார். படிப்படியாக ஒன்றன்பின் ஒன்றாக வேலை செல்லும் எளிய படத்தை அக்கட்டுரையில் வரைந்துவிட்டு, இவ்வாறே செய்தால் இடர்விளையும் என்று அவர் எச்சரித்தார். பின்வந்தோர் படத்தை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டனர். ஒரு கட்டுரையின் முதற் படத்தோடு நின்றுவிடும் வாசகர் எந்நாட்டிலும் உளர் போலும். 1985 இல் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் விதித்த 2167 ஆம் இலக்க நியமத்தின்கீழ்ப் பக்கங்கள் மலைபோற் குவிந்தன.

பக்கங்கள் குவிவதனால் மட்டும் ஒரு முறை தீயதாகிவிடாது. ஹூஸ்டன் நகரில் நாசாவின் விண்ணோடத்துக்கு நிரல் எழுதிய குழுவில், எழுதுவோரும் சரிபார்ப்போரும் வெவ்வேறு தலைவர்களின்கீழ் இருந்தனர். ஒருவர் பிழையை மற்றவர் காணுமுன் தாமே களைந்துவிடவேண்டும் என்னும் போட்டி அவரிடை நிலவியது. விவரக்குறிப்பு ஏறத்தாழ 40,000 பக்கம். செயற்கைக்கோள்களின் துணையால் இடமறியும் வசதியைச் சேர்த்தபோது மாறியவை 6,366 வரிகளே. அம்மாற்றத்தை விவரித்த குறிப்போ 2,500 பக்கம். 1990களின் நடுவில், ஏறத்தாழ 420,000 வரிகள் கொண்ட அந்நிரலின் அடுத்தடுத்த மூன்று பதிப்புகளில் ஒவ்வொன்றிலும் ஒரு பிழையே காணப்பட்டது. பொறுப்புப் பிரிவினை இங்கே நன்கு பயன்பட்டது. ஏனெனில் வேண்டுவது யாது என்பது அங்கே மெல்ல மாறியது. தவறின் விலை மனித உயிராதலின், பக்கங்களுக்குப் பணம் கொடுக்க அரசும் ஆயத்தமாயிருந்தது. ஊதியக் கணக்கு எழுதும் கம்பனிக்கும், கடன் வழங்கும் வங்கிக்கும் அவ்விரண்டும் வாய்ப்பதில்லை.

கடைகளில் விற்கும் மென்பொருளைச் செய்தவர்கள் இடைவழியொன்றைக் கண்டனர். மைக்ரோசொவ்ற் கம்பனியில் 1980களில் உருவான வழக்கத்தின்படி, ஒரு வசதி எவ்வாறு இயங்கவேண்டும் என்று எழுதுபவர் ஒருவர், நிரல் எழுதுபவர் ஒருவர், சோதிப்பவர் ஒருவர். 1990களில் அங்கே நிரலாளர் தொகையும் சோதனையாளர் தொகையும் ஏறக்குறைய ஒத்திருந்தன. மூவரும் ஒரே நடைக்கூடத்தில் இருந்தமையால் டெயிலரின் திட்ட அறைக்கும் பட்டறைக்கும் இடையே இருந்த தூரம் குறைந்தது. எனினும் வகுப்பு மூன்றே.

அட்டை மீண்டும் தோன்றியது 1996 இல். கிறைஸ்லர் மோட்டார்க் கம்பனி தன் ஊழியர் அனைவரின் ஊதியத்தையும் கணக்கிடும் புதிய மென்பொருளை 1993 முதல் ஆக்கிவந்தது, வேலை தளர்ந்தது. ஆலோசகராக அழைக்கப்பட்ட கென்ட் பெக், இருந்ததைச் செப்பனிடாது புதிதாகத் தொடங்குமாறு கூறித் தாமே அதனை வழிநடத்தினார். எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்னும் முறை அங்கே உருப்பெற்றது. ஊதிய விதிகளை அறிந்த ஒருவர் வாடிக்கையாளர் சார்பில் நிரலாளரோடு ஒரே அறையில் அமர்ந்தார். வேண்டிய வசதி ஒவ்வொன்றையும் கையகலமான ஓர் அட்டையில் இரண்டொரு வாக்கியத்தில் எழுதினர். அதற்குக் கதை என்று பெயர்.

டெயிலரின் அட்டையையும் இவ்வட்டையையும் அருகருகே வைத்து நோக்குதல் பயன்தரும். முன்னது எல்லாம் சொல்லியது. செய்பவன் வினவ ஒன்றும் எஞ்சவில்லை. பின்னது வேண்டுமென்றே குறைவாகச் சொல்லியது. நிரலாளர் எழுந்துசென்று வினவினாலன்றி வேலை நடவாது. முன்னதில் எத்தனை நிமிடம் என்பதைத் திட்ட அறையார் விதித்தனர்; பின்னதில் எத்தனை நாட் செல்லும் என்பதை நிரலாளரே கூறினர். எவ்வட்டை முந்த வேண்டும் என்பது மட்டும் வாடிக்கையாளர் உரிமை. 2001 இல் அக்குழுவைச் சேர்ந்த ரொன் ஜெஃப்ரீஸ் ஒரு கதைக்கு மூன்று உறுப்புகள் உள என வகுத்தார்: அட்டை, உரையாடல், உறுதிப்பாடு. மூன்றாவதே இங்கு நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. உறுதிப்பாடாவது, இவ்வசதி முடிந்தது என ஏற்பதற்குரிய சோதனைகள். நிரலின் ஒவ்வொரு சிற்றுறுப்பையும் சோதிக்கும் சோதனைகளை நிரலாளர் எழுதுவர். முழு வசதியையும் ஏற்கும் சோதனைகளை வாடிக்கையாளர் வகுப்பர். இங்கே விவரமும் தரமும் ஒரு தாளின் இரு பக்கங்களாயின. இணைப்பு ஒரு மணிநேரத்திற் காலாவதியாதல் வேண்டும் என்பதை விவரம் என்பதா, சோதனை என்பதா? இரண்டும் அதுவே. வங்கி உதாரணத்தில் மூவரும் தப்பிக்கொண்ட இடைவெளி இவ்விடத்தில் அடைபடுகின்றது.

சிற்றுறுப்புச் சோதனைகளுக்குரிய கருவியொன்றை 1997 இல் பெக்கும் எரிக் காமாவும் சூரிச்சிலிருந்து அட்லாண்டா சென்ற விமானத்திலிருந்தே எழுதினர். ஒரு வழிப்பயணத்தில் பிறந்த அந்த ஜேயூனிற் பின்னர் உலகெங்கும் பரவியது.

எனினும் கிறைஸ்லர் வேலையின் முடிவு மகிழ்ச்சிக்குரியதன்று. 1997 இல் ஏறத்தாழ 10,000 பேருக்கு அம்மென்பொருள் ஊதியம் கணக்கிட்டது. எஞ்சியோரைச் சேர்க்குமுன், 2000 பெப்ரவரியில், வேலை நிறுத்தப்பட்டது. பணம் கொடுத்தவர்களும், வேண்டுவது யாதெனச் சொன்னவர்களும் ஒருவரல்லர் என்பது அதற்குப் பின்னர்க் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஒரு பெரிய கம்பனியின் தேவை முழுவதையும் அறையிலிருக்கும் ஒருவர் தோளில் ஏற்றலாமா என்னும் ஐயமும் வலுப்பெற்றது. தம் நூலை 2004 இற் புதுக்கியபோது, அறையில் அமரும் அவ்வொரு வாடிக்கையாளருக்குப் பதிலாக முழுக்குழு என்பதையும், மெய்யான வாடிக்கையாளர்களின் ஈடுபாடு என்பதையும் பெக் வைத்தார். துணிபவர் ஒருவராதல் வேண்டும் என்று ஐ.பி.எம். வரலாறு கற்பித்தது, அவ்வொருவர் தனித்து எழுதலாகாது என்று கிறைஸ்லர் வரலாறு கற்பித்தது.

2001 பெப்ரவரியில் யூற்றா மாநிலத்துப் பனிமலை விடுதியொன்றில் பதினெழுவர் கூடி அஜைல் கொள்கை அறிக்கையை வெளியிட்டனர். வணிகத்தாரும் ஆக்குவோரும் நாடோறும் ஒன்றாக உழைக்க வேண்டும் என்று அது கூறுகின்றது. ஆனால் சோதனையாளர் என்னும் சொல்லோ, சோதனை என்னும் சொல்லோ அதன் கொள்கைகளில் இல்லை. இத்தனைக்கும் சோதனைத்துறையில் அறியப்பட்ட பிரையன் மரிக் அப்பதினெழுவருள் ஒருவர்.

இன்று மிகுதியும் பரவியுள்ள ஸ்க்ரம் என்னும் முறை றகர் ஆட்டத்திலிருந்து பெயர் பெற்றது. உற்பத்திப் பொருளாக்கம் அஞ்சலோட்டம் போலன்றி, றகர் அணி பந்தைத் தமக்குள் மாற்றிக்கொண்டு ஒன்றாக முன்னேறுதல் போல் நிகழவேண்டும் என்று தக்கேயுச்சி, நொனாக்கா என்னும் இரு யப்பானிய அறிஞர் 1986 இல் எழுதினர். ஜெஃப் சதலண்டும் கென் ஷ்வேபரும் அதனை மென்பொருளுக்குரிய முறையாக்கி 1995 இல் அறிவித்தனர். அதன் கைந்நூல் முதன்முதல் 2010 இல் வெளிவந்தது. அதிலே வேண்டுவனவற்றின் பட்டியலுக்குப் பொருட்பொறுப்பாளர் ஒருவர் உளர். அவர் தனியொருவர், குழுவன்று. பட்டியலில் உள்ளவற்றை எழுதும் வேலையை அவர் மற்றவர்களிடம் கொடுக்கலாம். விடையிறுக்கும் கடமையைக் கொடுக்க முடியாது. தரமோ ஆக்குவோர் அனைவரின் கடமை. 'முடிந்தது' என்பதன் வரையறையைக் கடைப்பிடித்து அவர்களே அதனைக் காக்கவேண்டும். இங்கு இரு பொறுப்புகளும் எதிரெதிர்த் திசையிற் பிரிக்கப்பட்டிருத்தல் காண்க. விவரத்தில் வேலை பலருக்குரியது, பொறுப்பு ஒருவருக்குரியது. தரத்தில் சோதிக்கும் வேலையை ஒருவர் செய்யலாம், பொறுப்பு அனைவருக்கும் உரியது. முன்னது புரூக்ஸின் இழப்பிலிருந்தும் பின்னது டொயோடாவின் தறியிலிருந்தும் வந்தவை போலவே எனக்குத் தோன்றுகின்றது. இவ்விரண்டையும் குழப்பி, விவரத்துக்கு அனைவரும் பொறுப்பு, தரத்துக்குச் சோதனையாளர் பொறுப்பு என்று நடத்தும் குழுக்களை நான் கண்டிருக்கின்றேன். பெயரளவில் அவை அஜைல், நடப்பில் ஹோதோர்ன்.

அனைவரின் கடமை என்பது எவருடைய கடமையுமன்று என்றாகிவிடும் இடரும் உண்டு. கைந்நூலின் முந்திய பதிப்புகள் ஆக்கக் குழுவினுள் எவர்க்கும் தனிப் பட்டம் இல்லை என்றன. இதனைக் காட்டிச் சோதனையாளர் வேண்டா என வாதித்தோர் பலர். 2014 அளவில் மைக்ரோசொவ்ற்றின் பல பிரிவுகளிலே நிரலாளரும் சோதனையாளரும் ஒரே வகுப்பாக இணைக்கப்பட்டனர். இதற்கு மறுதலையாக, லிசா கிறிஸ்பினும் ஜெனெற் கிரெகொரியும் 2009 இல் எழுதிய நூலிலே சோதனையாளர் குழுவினுள் இருந்துகொண்டே, வேலை தொடங்குமுன் வினா எழுப்புவோராதல் வேண்டும் என்றனர். அவர்கள் பக்கமே நான் நிற்பேன். தன் எழுத்தில் தன் பிழையைக் காண்பதன் அருமையை விடைத்தாள் எழுதிய மாணவர் எவரும் அறிவர். 1979 இல் கிளென்போர்ட் மயர்ஸ் நிரலாளர் தம் நிரலைத் தாமே சோதிப்பதைத் தவிர்த்தல் வேண்டும் என்று எழுதியது அக்காரணம் பற்றியே. பொறுப்பு அனைவருக்கும் பொதுவாயினும், கண் வேறொருவருடையதாதல் நன்று.

அவ்வேறு கண் எப்பொழுது பார்க்கவேண்டும் என்பதே பிற்காலத்து மாற்றம். 2002 இல் வோர்ட் கன்னிங்ஹம், வாடிக்கையாளர் அட்டவணையாக எழுதிய உதாரணங்களைக் கணினி தானே சோதித்துப் பச்சை, சிவப்பு நிறங்களாற் காட்டும் ஃபிற் என்னும் கருவியை ஆக்கினார். 2006 இல் டான் நோர்த், இந்நிலையில், இது நிகழ்ந்தால், இவ்விளைவு வரவேண்டும் என்னும் மூன்றடி அமைப்பில் விவரத்தை எழுதும் முறையை விளக்கினார். வேண்டுவோர், ஆக்குவோர், சோதிப்போர் ஆகிய மூவரும் நிரல் எழுதுமுன் சேர்ந்திருந்து அவ்வுதாரணங்களை எழுதுதல் இன்று பல குழுக்களின் வழக்கம். கடவுச்சொல் அட்டையை எடுத்துக்கொண்டால், மடல் வேறொருவர் கையிற் சிக்கினால் என்ன ஆகும் என்று அவ்வேளை சோதனையாளர் வினவுவார். ஒரு மணிநேரம் போதுமா, ஒரு நாள் வேண்டுமா என்பதைப் பொருட்பொறுப்பாளர் துணிவார். அது நிரலில் எவ்வாறு அமையும் என்பதை நிரலாளர் கூறுவார்.

கைந்நூலின் 2020 நவம்பர்ப் பதிப்பு ஆக்கக் குழு என்னும் உட்பிரிவை நீக்கிவிட்டு, எல்லோரையும் ஒரே குழுவாக்கியது. பயனுள்ள பொருளை ஆக்கித் தருதற்கு அக்குழு முழுவதும் விடையிறுக்க வேண்டும் என்றது. ஒரு வேலை எத்துணைப் பெரிது என்று கணிப்பவர் அதனைச் செய்வோரே என்பது அதிலே தெளிவாக எழுதப்பட்டுள்ளது. பட்டியலின் உறுப்புகளைப் பிரித்து விவரணம் சேர்த்தல் தொடர்ந்து நடைபெறும் செயல் என்றும் எழுதப்பட்டுள்ளது. அவ்விவரணத்தை எவர் கை எழுதவேண்டும் என்பதை மட்டும் அந்நூல் ஒவ்வொரு குழுவுக்கும் விட்டுவைத்திருக்கின்றது.